அந்தக் கரண்டி எந்தப் பீப்பாயிலிருந்து வந்தது?

தீபாவளிப் பலகாரம் தொடங்கியதுமே எங்கள் கிளினிக்குக்கு ஒவ்வாமையோடு பிள்ளைகள் வருவதும் தொடங்கிவிடுகிறது. இந்த முறை வந்த பிள்ளைக்கு உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடித்து, குரல் கம்மிப் போயிருந்தது. நிலக்கடலை ஒவ்வாமை இருப்பது ஏற்கெனவே உறுதியான பிள்ளை. வீட்டில் கடலையே வாங்குவதில்லை. சாப்பிட்டது பாட்டி சுட்ட பாதாம் பிஸ்கட். பாதாமை வாங்கியது, பீப்பாய்களைத் திறந்து வைத்து நம்மையே அள்ளி எடை போடச் சொல்லும் கடையில்.

அந்தக் கடைகள் மீது எனக்கு வருத்தம் இல்லை. வேண்டிய 50 கிராமை மட்டும் வாங்கலாம், பிளாஸ்டிக்கும் குறையும். பினாங்கு ஜார்ஜ் டவுன் லிட்டில் இந்தியாவில் மூட்டையிலிருந்து அள்ளிக் கொடுத்த மல்லியும் மிளகும் வாங்கி வளர்ந்தவர்கள்தானே நாம். ஆனால் ஒவ்வாமைப் பிள்ளை இருக்கும் வீட்டுக்கு அந்தப் பீப்பாய் ஆகாது.

கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். கடலை அள்ளிய கரண்டி அடுத்த நொடி முந்திரிக்குள் போகிறது. ஒருவர் கடலை கலந்த கச்சாங் பூத்தே நொறுக்குத் தீனியை ருசி பார்த்துவிட்டு, அதே கையைப் பாதாமில் விடுகிறார். அதிகமாக அள்ளியதை இன்னொருவர் திருப்பிக் கொட்டுகிறார், பக்கத்துப் பீப்பாயிலும் நாலு சிந்துகிறது. கரண்டியைத் துணியால் துடைத்தால் போதாது. கைக்குப் பூசும் சானிடைசரும் கடலைப் புரதத்தை அகற்றாது. சோப்பும் தண்ணீரும்தான் அகற்றும்.

என்னை மிகவும் சலிக்க வைக்கும் பேச்சு இது: “நல்லா வறுத்துட்டுத்தானே டாக்டர் அரைச்சேன், அப்புறம் எப்படி?” தயவுசெய்து இதை விட்டுவிடுங்கள். ஒவ்வாமையைத் தூண்டுவது கடலையின் புரதம். சூட்டில் செத்துப்போக அது கிருமி இல்லை. அந்தப் புரதங்களில் முக்கியமானவை சூட்டைத் தாங்கும்; எண்ணெய் விடாமல் வறுத்தால் ஒவ்வாமையைத் தூண்டும் வேகம் கூடவும் செய்யும். வெயிலில் காய வைத்தாலும், ஓவனில் சுட்டாலும், எண்ணெயில் பொரித்தாலும் அந்தப் பிள்ளைக்கு அது கடலைதான். “ஒரு துணுக்குதானே” என்றும் சொல்லாதீர்கள். சில பிள்ளைகளுக்குச் சில மில்லிகிராமே போதும். (செக்குக் கடலை எண்ணெயிலும் புரதம் இருக்கும். அதையும் ஒதுக்குங்கள்.)

இந்தப் பிள்ளை விஷயத்தில் இன்னொன்றும் நடந்தது. காணாக்கடி (ஏதோ பூச்சி கடித்த தடிப்பு) என்று நினைத்து, அரிப்புக்கான சிரப்பைக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தார்கள். சிரப் அரிப்பைக் குறைக்கும். அடைக்கும் மூச்சுக்குழாயைத் திறக்காது, இறங்கும் இரத்த அழுத்தத்தை ஏற்றாது. அதற்கு மருந்து தொடையில் போடும் அட்ரினலின் ஊசி ஒன்றுதான். தடிப்போடு வாந்தி, இருமல், குரல் மாற்றம், சோர்வு, இவற்றில் எது சேர்ந்தாலும் 999-ஐ அழையுங்கள். கையில் ஊசி இருந்தால் உடனே போடுங்கள். பிள்ளையை நடக்க விடாதீர்கள்; படுக்க வையுங்கள், மூச்சு முட்டினால் மட்டும் உட்கார வையுங்கள். தெளிந்துவிட்டாலும் மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். சில மணி நேரம் கழித்து அதே அறிகுறிகள் மறுபடி வரலாம்.

கடைக்குப் போகும்போது, அந்தப் பிள்ளை சாப்பிடப் போகும் பருப்பு, மாவு, எள் எல்லாம் ஆலையிலேயே மூடிய பாக்கெட்டாக இருக்கட்டும். இரண்டு ரிங்கிட் கூடினால் கூடட்டும். 1985-ஆம் ஆண்டு உணவு விதிமுறைகள்படி பாக்கெட் உணவில் நிலக்கடலை சேர்ந்திருந்தால் லேபிளில் சொல்லியாக வேண்டும். மலாயில் ‘கச்சாங் தானா’ என்று இருக்கிறதா பாருங்கள். கடைக்காரரே பீப்பாயிலிருந்து அள்ளிக் கட்டிய பொட்டலத்தை இதோடு சேர்க்காதீர்கள். அரைக்கக் கொடுக்கும் மெஷினில் முன்னால் என்ன அரைத்தார்கள் என்று கேளுங்கள்; தெரியாது என்றால் வீட்டிலேயே அரையுங்கள்.

பாட்டிமார்களே, உங்கள் கைப்பலகாரத்தைப் பிள்ளை ஆசையாகச் சாப்பிட வேண்டும் என்றுதான் நானும் விரும்புகிறேன். பொருள் எங்கே வாங்கியது என்பதை மட்டும் முதலில் அம்மாவிடம் சொல்லிவிடுங்கள்.

கடைக்காரர்களிடமும் ஒரு வேண்டுகோள். நிலக்கடலையை மற்றப் பருப்புகளிலிருந்து தள்ளி, எல்லாவற்றுக்கும் கீழ் வரிசையில் வையுங்கள். சிந்தினால் தரையில்தான் சிந்தும். ஒவ்வொரு கரண்டியையும் அதனதன் பீப்பாயோடு குட்டைக் கயிற்றில் கட்டிவிடுங்கள். பக்கத்துப் பீப்பாய்க்கு எட்டாத நீளம் போதும்.