டீசல் போகிற வழியும் திரும்புகிற வழியும்

மாமாவின் பழைய ஹைலக்ஸ் பிக்கப்புக்கு இரண்டாவது டாங்கி பூட்டி இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. களுவாஞ்சிக்குடியில், வண்டியோடு வந்த பெரிய டாங்கியை வாய்முட்ட நிரப்பிக்கொண்டு, பட்டிருப்புப் பாலம் தாண்டி, மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைக்குள் இறங்கினோம். "புது டாங்கி எப்படி ஓடுதெண்டு பாப்பம்" என்று சொல்லி மாமா டீசல் குழாயின் திறப்பு வால்வை அந்தப் பக்கம் திருப்பிவிட்டார். வெல்லாவெளியை நெருங்கும்போது டீசல் மணம் தூக்கியது. "மருமகன், இறங்கி ஒருக்காப் பாருங்க" என்றார்.

பெரிய டாங்கியின் மூடியோரமாக டீசல் கசிந்து பின் ரயர் வரைக்கும் ஒழுகியிருந்தது. நாங்கள் ஓடியதோ புது டாங்கியில். பெரிய டாங்கியிலிருந்து ஒரு சொட்டும் எடுக்கவில்லை, யாரும் அதில் ஊற்றவும் இல்லை. அப்படியிருக்க அது எப்படி வழிந்தது?

இந்த மாதிரிப் பழைய டீசல் எஞ்சின்களில் டாங்கிக்குள் பம்ப் கிடையாது. எஞ்சினோடு சேர்ந்து சுழலும் இன்ஜெக்டர் பம்ப்தான் டாங்கியிலிருந்து டீசலை உறிஞ்சுகிறது. எரிப்பதற்குத் தேவையானதைவிட அதிகமாகவே உறிஞ்சும். அதில் ஒரு பங்கு பெரும் அழுத்தத்தில், டீசலை எஞ்சினுக்குள் பீச்சும் நொசில்களுக்குப் போய் எரிகிறது. மீதி, பம்பின் உள்ளே சுழலும் பாகங்களுக்கு எண்ணெயாக நின்று வழுக்கிக் கொடுக்கிறது, சூட்டை எடுக்கிறது, குழாயில் புகுந்த காற்றுக் குமிழ்களையும் வாரிக்கொண்டு இன்னொரு மெல்லிய குழாய் வழியாக டாங்கிக்கே திரும்புகிறது. ரிட்டேர்ன் ஹோஸ் என்று கராஜ்களில் சொல்வது அதைத்தான். டீசல் பம்புக்குத் தனியாக எண்ணெய் விடுவதில்லை, அதற்கு டீசல்தான் எண்ணெய். அதனால் அந்த ஓட்டம் நிற்கக் கூடாது.

மாமாவின் வண்டியில் புது டாங்கிக்கு ஒரேயொரு திறப்பு வால்வைப் போட்டிருந்தார்கள். போகிற குழாயை அது மாற்றியது. திரும்புகிற குழாய் மட்டும் பழையபடி பெரிய டாங்கியிலேயே இருந்தது. வயலுக்கு வாய்க்காலைத் திருப்பிவிட்டு வடிச்சலைப் பக்கத்து வயலுக்குள் விட்ட கதைதான்.

உதாரணத்துக்கு, பம்ப் மணிக்கு 15 லீற்றர் உறிஞ்சி அதில் 6 லீற்றர் எரிகிறது என்று வைப்போம். மிச்சம் 9 லீற்றர் திரும்புகிறது. 60 லீற்றர் புது டாங்கி பத்து மணி நேரம் ஓட வேண்டும், ஆனால் நாலு மணி நேரத்திலேயே காலியாகிவிடும். எரிந்தது 24 லீற்றர்தான், மற்ற 36 லீற்றரும் பெரிய டாங்கிக்குப் போய்விட்டது. அங்கே இடம் இருந்தால் சரி. இல்லாவிட்டால் வீதியில்தான் ஒழுகும்.

இதற்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, போகிற குழாயையும் திரும்புகிற குழாயையும் ஒரே நேரத்தில் மாற்றும் ஆறு வாய் வால்வு. டாஷ்போர்டில் ஒரு சுவிட்ச், அதோடு டீசல் அளவு காட்டும் முள்ளும் அடுத்த டாங்கியின் மிதவைக்கு மாறும். நல்ல ஏற்பாடு, ஆனால் வால்வைத் திருப்பும் மோட்டார் பழுதாகி வால்வு பாதியில் நின்றால் எஞ்சினும் நின்றுவிடும். இரண்டாவது வழிதான் பழைய வண்டிக்கு ஏற்றது என்பது என் எண்ணம்: எஞ்சினின் குழாய்களைத் தொடவே வேண்டாம். புது டாங்கியிலிருந்து பெரிய டாங்கியின் நிரப்புக் குழாய்க்கு ஒரு சின்ன 12 வோல்ட் பம்ப். முள் பாதிக்குக் கீழே இறங்கினால் சுவிட்சைப் போட்டு டீசலை மாற்றிக்கொள்ளலாம். எடுப்பதும் திரும்புவதும் எப்போதும் பெரிய டாங்கியில்தான். சுவிட்சைப் போட்டுவிட்டு மறந்தால் மட்டும் மறுபடி வழியும். புது டாங்கி மேலே, சாமான் ஏற்றும் பெட்டிக்குள் இருந்தால் பம்ப் நின்ற பிறகும் டீசல் தானாகக் கீழே இறங்கும், அதனால் இடையில் ஒரு அடைப்பு வால்வும் வேண்டும்.

அப்புறம் பாரம். டீசல் லீற்றருக்கு ஏறக்குறைய 0.83 கிலோ. 60 லீற்றர் என்றால் ஒரு யூரியா மூடை, 50 கிலோ. ஆனால் மூடை வைத்த இடத்தில் கிடக்கும், டீசல் கிடக்காது. பிரேக் அடித்தால் முன்னுக்கு ஓடும், வளைவில் பக்கத்துக்குச் சாயும். பாதி நிரம்பிய டாங்கியில் இந்த அலைச்சல் அதிகம். அதனால் உள்ளே துளையிட்ட தடுப்புத் தகடுகள் வைத்து ஒட்டுவார்கள். டாங்கியைப் பின் அச்சுக்கு முன்னால் பூட்டுவது நல்லது. அச்சுக்குப் பின்னால் தொங்கினால் பின்பக்கம் அமுங்கி முன் சில்லுகளின் பிடி குறையும். சைலன்சர் குழாய்க்குப் பக்கத்தில் வைக்கவே கூடாது.

டாங்கி மூச்சும் விட வேண்டும். உள்ளே இருந்து 6 லீற்றர் டீசல் போனால் 6 லீற்றர் காற்று வர வேண்டும், வராவிட்டால் வெற்றிடம் உண்டாகி பம்ப் திணறும். வெயிலில் டீசல் விரியவும் செய்யும்: 60 லீற்றர் 20 பாகை சூடேறினால் ஏறக்குறைய ஒரு லீற்றர் கூடும். அதற்கு மேலே கொஞ்சம் காலி இடம் விட வேண்டும். எங்கள் ஊர்ப் பக்கத்தில் காற்றுக் குழாயின் நுனியை உயர்த்தித்தான் கட்ட வேண்டும். மாரியில் படுவான்கரை வீதிகளுக்கு மேலால் வெள்ளம் பாயும்போது, தாழ்ந்து தொங்கும் குழாய் அந்தத் தண்ணீரைக் குடித்துவிடும்.

தகடு வாங்கும்போது கல்வனைஸ் தகட்டை விட்டுவிடுங்கள். அதன் துத்தநாகம் டீசலில் உள்ள அமிலங்களோடு சேர்ந்து சவர்க்காரம் போன்ற பொருளாகி நொசில்களை அடைக்கும். செப்புக் குழாயும் டீசலைச் சீக்கிரம் பிசினாக்கும். சாதாரண இரும்பு அல்லது அலுமினியம் போதும். பழைய எண்ணெய் பீப்பாயை வெட்டி ஒட்டும் வேலைக்கு யாரும் போகாதீர்கள். காலியான பீப்பாயில் நிற்கும் ஆவி ஒட்டும் நெருப்பில் வெடிக்கும், ஆட்களைக் கொல்லும்.

பாதி காலியான டாங்கிக்குள் வாவிக் காற்றின் ஈரமும் புகுந்து, இராக் குளிரில் சுவரில் நீராகப் படியும். நீர் டீசலைவிடப் பாரமானது, அடியில் தங்கும். அதனால் உறிஞ்சு குழாயை அடியிலிருந்து இரண்டு சென்ரிமீற்றர் உயரத்தில் நிறுத்தி, மிகத் தாழ்ந்த இடத்தில் ஒரு வடிகால் ஆணி வைக்கச் சொன்னேன். டிசம்பர் மழை விட்ட ஒரு காலையில் மாமா அந்த ஆணியைத் தளர்த்தி ஒரு கிளாஸில் பிடித்தார். மேலே மஞ்சள் டீசல், அதற்குக் கீழே கோடு போட்டதுபோல ஒரு விரல் உயரத்துக்குத் தண்ணீர்.