தேய்மானத்தை அரிமானம் ஆக்காதீர்கள்

அக்கா மகன் காட்பாடிப் பக்கம் ஒரு கல்லூரியில் மெக்கானிக்கல் கடைசி வருடம் படிக்கிறான். ஹைட்ரஜனை அழுத்தும் கம்ப்ரஸரில் எண்ணெய் விட முடியாது. எண்ணெய் கலந்தால், ஹைட்ரஜனிலிருந்து மின்சாரம் எடுக்கும் எரிபொருள் கலம் கெட்டுவிடும். அதனால் பிஸ்டன் வளையத்தை டெஃப்லான் கலவையில் செய்கிறார்கள். அது எவ்வளவு நாள் தாங்கும் என்பதுதான் அவனுடைய புராஜெக்ட். ஒரு சின்ன முனையைச் சுழலும் எஃகுத் தட்டின்மேல் அழுத்தி ஓட்டி, முன்னும் பின்னும் எடை போட்டுப் பார்க்கிறான். அதற்குத் தமிழ்ச் சுருக்கம் எழுதிக் கொடுத்தவர் தலைப்பிலேயே ‘டெஃப்லானின் அரிமானம்’ என்று போட்டிருக்கிறார். “மாமா, இது சரியா?” என்று கேட்டான். சரியே இல்லை, தேய்மானம் என்றுதான் வர வேண்டும். இந்தத் தவறை எத்தனை அழைப்பிதழ்களில், எத்தனை கட்டுரைகளில் பார்த்துவிட்டேன்!

தேய்மானத்துக்கு ஆங்கிலத்தில் உள்ள ‘வேர்’ (wear) என்ற சொல் முதலில் உடுத்துவதைக் குறித்தது. உடுத்த உடுத்தத் துணி நைவதால் தேய்வது என்ற பொருளும் சேர்ந்தது. உராய்வையும் தேய்மானத்தையும் படிக்கும் துறைக்கு ட்ரைபாலஜி என்று பெயர். 1966இல் பிரிட்டனில் பீட்டர் ஜோஸ்ட் தலைமையில் வந்த அறிக்கையால் அந்தப் பெயர் பரவியது. கிரேக்க மூலத்துக்குப் பொருள் தேய்த்தல். தமிழில் உராய்வியல் என்கிறோம்.

நம்மிடம் ‘தேய்’ இருக்கிறது. பாத்திரத்தைத் தேய்க்கிறோம், சந்தனக்கட்டை தேய்கிறது. உரசுவதும் உரசிக் குறைவதும் ஒரே வேரில் அடங்கிவிட்டன. ‘அரி’ வேறு. கரையான் அரிக்கும், பாலாற்று வெள்ளம் கரையை அரிக்கும், அமிலம் தகட்டை அரிக்கும். எறும்பு ஊர ஊரக் கல் தேயும் என்றுதான் சொல்கிறோம், அரிக்கும் என்று யாரும் சொல்வதில்லை. பள்ளி வேதியியல் பாடத்திலும் உலோகம் துருப்பிடித்துக் கெடுவதற்குத்தான் அரிமானம் என்று பெயர்.

இராணிப்பேட்டை டேனரியில் தோல் ஊறவைக்கும் டிரம்மைக் கழற்றிப் பார்த்தால் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும். உப்புத் தண்ணீர் பட்ட போல்ட்டை அரித்திருக்கும். அச்சு சுழன்ற புஷ் தேய்ந்திருக்கும். லேத் பட்டறைக்காரர் “புஷ் தேஞ்சு போச்சுங்க” என்பார். அவருக்குத் தெளிவாகத் தெரிந்த வேறுபாடு மொழிபெயர்ப்பாளருக்கு ஏன் தெரியவில்லை?

அவர்கள் சொல்லும் காரணம் ஒன்று உண்டு. தேய்மானம் கணக்கியலுக்குப் போய்விட்டதாம். ஆண்டுதோறும் இயந்திரத்தின் மதிப்பில் கழிப்பதற்கும் தேய்மானம் என்பதால் குழப்பம் வருமாம். கணக்கர்களுக்கு அந்தச் சொல் எங்கிருந்து போனது? இயந்திரம் நிஜமாகவே தேய்வதால்தானே! கடன் வாங்கியவரிடம் சொல்லை விட்டுவிட்டு, சொந்தக்காரர் வேறு வீட்டுச் சொல்லைத் தூக்கிக்கொண்டு வருவது என்ன நியாயம்? எஃகுத் தட்டையும் எடைத் தராசையும் பற்றிப் படிக்கிறவர் வரிக் கணக்கை நினைக்கப் போவதில்லை. தேய்மானம் பேச்சு வழக்கு, அரிமானம்தான் கலைச்சொல் மாதிரி இருக்கிறது என்றும் ஒருவர் என்னிடம் வாதாடினார். புரியாமல் ஒலித்தால்தான் அறிவியல் என்ற இந்த எண்ணம்தான் தமிழ்ப் பாடநூல்களைப் பிள்ளைகள் மூடி வைக்கக் காரணம். மணல் கலந்த நீர் வேகமாக மோதி உலோகத்தைத் தின்பதை வேண்டுமானால் அரிப்பு எனலாம். அதுவும் தேய்மானத்தில் ஒரு வகைதான்.

ஹைட்ரஜன் விஷயத்தில் இந்தத் தவறு அறிவியலையே கவிழ்த்துவிடும். காற்றில் உரசும் எஃகின்மேல் மெல்லிய ஆக்சைடு படலம் திரும்பத் திரும்ப உண்டாகி, உலோகம் உலோகத்தோடு ஒட்டாமல் காக்கும். ஈரமும் ஆக்சிஜனும் இல்லாத ஹைட்ரஜனில் உரசிப் போன படலம் மறுபடி வளராது. அப்புறம் உலோகம் உலோகத்தைப் பற்றிப் பிய்க்கும், தேய்மானம் கூடும். அதாவது துருவுக்கு வழியில்லாத இடத்தில் தேய்மானம் ஏறுகிறது. இதை அவர்கள் சொல்லில் எழுதினால் ‘அரிமானம் இல்லாததால் அரிமானம் கூடும்’ என்று வரும். டெஃப்லானோ பெரும்பாலான அமிலங்களுக்கும் அசையாத பொருள். அதற்குப் போய் அரிமானமா?

பையன் 11 இடங்களில் தேய்மானம் என்று மாற்றிவிட்டான். கம்ப்ரஸரின் குளிர்நீர்க் குழாய் உள்ளே துருப்பிடிப்பதைச் சொல்லும் ஒரு வரியில் மட்டும் அரிமானத்தை விட்டுவைத்தான். அங்கே அது சரி.