பின்னால் நான்கு சில்லு இருந்தால் இரட்டிப்புப் பாரம் ஏற்றலாமா?

சென்ற வாரமும் ஒரு கன்டர் லொறி எமது வேலைத்தளத்துக்கு இழுத்து வரப்பட்டது. தம்புள்ளையிலிருந்து மரக்கறி ஏற்றிக்கொண்டு ஏ9 வீதியால் வந்த அந்த லொறிக்குப் பின்னால் பக்கத்துக்கு இரண்டாக நான்கு சில்லுகள்; அவற்றுள் ஓர் உள்ரயரில் காற்று இறங்கியிருந்ததை எவரும் கவனிக்கவில்லை. அதன் பங்கையும் சேர்த்துச் சுமந்த வெளிரயர் கிளிநொச்சிக்கு அருகில் வெடித்து, பிரேக் குழாயையும் அறுத்துவிட்டது. உயிர்ச்சேதம் இல்லை. இத்தகைய வாகனங்களைத் தொடர்ந்து பார்த்துவரும் எனக்கு இனியும் பேசாமல் இருக்க முடியவில்லை.

லொறி வாங்க ஆலோசனை கேட்டு வருபவர்களிற் பலர், பின்னால் நான்கு சில்லு இருந்தால் இரண்டு மடங்கு ஏற்றலாம் என்றே உறுதியாக நம்புகிறார்கள். தயவுசெய்து ரயரின் பக்கவாட்டைக் குனிந்து பாருங்கள். 118/114 என்பதுபோல, தாங்கும் பாரத்தைக் காட்டும் இரண்டு குறியீட்டு எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். தனியாகப் பூட்டினால் அந்த ரயர் 1320 கிலோ தாங்கும் என்பதை முதல் எண்ணும், சோடியாகப் பூட்டினால் ஒவ்வொன்றும் 1180 கிலோவே தாங்கும் என்பதை இரண்டாவது எண்ணும் குறிக்கின்றன. சோடி ரயர்கள் பாரத்தைச் சரிசமமாகப் பகிர்ந்துகொள்வதில்லை என்பதனாலேயே உற்பத்தியாளர்கள் இவ்வாறு குறைத்துக் கணிக்கிறார்கள். அதுமட்டுமன்றி, ரயர் தாங்கினாலும் அச்சும் வில்லும் பிரேக்கும் தாங்க வேண்டுமே! வாகனத்துக்குக் குறிக்கப்பட்ட மொத்த எடைதான் எல்லை. சில்லுகளின் எண்ணிக்கை அந்த எல்லையை ஒரு கிலோகூட உயர்த்தாது. பின்னால் பக்கத்துக்கு ஒரு சில்லு மட்டுமே உள்ள ஒற்றைச் சில்லு வாகனத்தைக் கொண்டுவந்து, வெளிப்பக்கம் இன்னொரு சில்லைச் சேர்த்துப் பூட்டித் தருமாறு கேட்பவர்களும் உள்ளனர். அச்சையும் பெயரிங்கையும் அதற்கென அமைக்காத வாகனத்தில் அந்த வேலையை நான் செய்வதில்லை.

சீமெந்து, கல், நெல் என்று நாள்தோறும் பாரமாக ஏற்றுபவருக்கும், தூர ஓட்டம் ஓடுபவருக்கும் இரட்டைச் சில்லே பொருத்தம். பாரம் ஏறியபோது வாகனம் பக்கவாட்டில் ஆடுவது குறையும். ஆனால் கடைச் சாமான்களை ஒழுங்கைகளுக்குள் கொண்டுசெல்பவருக்கும், வடமராட்சி கிழக்கின் மணற்பாதைகளில் மீன் ஏற்றுபவருக்கும் ஒற்றைச் சில்லே போதும். முன்சில்லு அழுத்திச் சென்ற தடத்திலேயே பின்சில்லும் போவதால், மணல் தரும் தடை குறையும். ரயர் மாற்றும் செலவும் அவர்களுக்குக் குறையும்.

இரட்டைச் சில்லுதான் வேண்டுமென்றால், அதைப் பராமரிக்கும் பொறுப்பையும் ஏற்றுக்கொள்ளுங்கள். ரயரைக் காலால் உதைத்துப் பார்ப்பது சோதனை ஆகாது. உள்ரயர் முழுவதும் இறங்கியிருந்தாலும் வெளிரயர் தாங்கி நிற்பதால் உதைக்கும் காலுக்கு எதுவும் தெரியாது. ரயர்கள் குளிர்ந்திருக்கும்போது, அளவுமானி கொண்டு நான்கையும் தனித்தனியே பாருங்கள். உள்ரயரின் வால்வு கைக்கு எட்டாவிட்டால் நீட்டுக்குழாய் பூட்டுங்கள். ஒரு சோடியில் புதியதையும் தேய்ந்ததையும் சேர்க்காதீர்கள்; சிறிய லொறி ரயர்களில் இரண்டின் விட்டங்களுக்கும் இடையிலான வேறுபாடு 6 மில்லிமீற்றரைத் தாண்டினாலே பெரியது பாரத்தைச் சுமக்க, சிறியது வீதியில் உரசித் தேயும். இரு ரயர்களுக்கும் இடையில் சிக்கும் கற்களை அன்றன்றே அகற்றுங்கள். கைமுட்டியளவு சுண்ணக்கல் ஒன்று இரு பக்கச் சுவர்களையும் நூல் தெரியும்வரை அரைத்திருந்த சோடியைக் கழற்றியிருக்கிறேன். சில்லைக் கழற்றிப் பூட்டினால், 50 முதல் 100 கிலோமீற்றர் ஓடியதும் நட்டுகளை மீண்டும் இறுக்குங்கள்.

லொறி உரிமையாளர்களிடம் ஒரு வேண்டுகோள். சந்தைக்குப் பிந்துகிறது என்று சாரதியைத் தொலைபேசியில் விரட்டாதீர்கள். வவுனியாவில் பத்து நிமிடம் நிறுத்தி, ரோச் லைற் அடித்து உள்ரயரைப் பார்த்துவிட்டு வருமாறு நீங்களே அவருக்குச் சொல்லுங்கள்.