தென்னைக்கு அடியில் இன்னொரு தோட்டம்

பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் சில பழைய தென்னந்தோப்புகளுக்குள் நுழைந்தால் உச்சிவெயிலும் நேரே தரையைத் தொடாது. மேலே தென்னங்கீற்று, தண்டைப் பற்றி ஏறும் மிளகுக்கொடி, இரண்டு தென்னைக்கு நடுவே ஜாதிக்காய், அதற்கும் கீழே கோகோ. இப்படி நெருக்கி வைத்தால் ஒன்றின் சாப்பாட்டை இன்னொன்று பிடுங்காதா?

மண்ணைத் தோண்டிப் பார்த்தால் பதில் கிடைக்கும். தென்னைக்கு ஆணிவேர் கிடையாது, சல்லிவேர்தான். அதில் பெரும்பகுதி தண்டிலிருந்து 2 மீட்டருக்குள், 30 முதல் 120 செ.மீ. ஆழத்தில் இருக்கிறது. 25 அடிக்கு ஒன்றாக நட்ட தோப்பில் ஒரு மரத்தின் பங்கு சுமார் 58 சதுர மீட்டர். வேர் நன்றாக மேய்வது 12, 13 சதுர மீட்டரில் மட்டும். முக்கால் பங்கு நிலம் சும்மா கிடக்கிறது! கோகோவின் சத்து உறிஞ்சும் வேர்களோ மேல்மண்ணிலேயே படர்பவை.

அடுத்தது வெளிச்சம். இதில் அவசரப்படக்கூடாது. ஏறத்தாழ 8 வயதிலிருந்து 25 வயது வரை தென்னை தன் நிழலால் தரையை மூடிவிடும். அதன்பின் மரம் உயர உயர, கீற்றுகளின் இடைவழியே வெயில் சல்லடையாக இறங்கும். கோகோவுக்கும் ஜாதிக்காய்க்கும் அந்த அரைநிழல்தான் பிடிக்கும்.

எனக்கு மிகவும் பிடித்த சங்கதி கோகோப் பூ. தண்டிலேயே பூக்கும், சுண்டுவிரல் நகம் அளவே தேறும் பூ. தேனீயால் அதற்குள் போக முடியாது. மகரந்தம் சேர்ப்பது கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஒருவகைக் குட்டி ஈ. அது குஞ்சு பொரிப்பது ஈரத்தில் மக்கும் இலைச்சருகிலும் அழுகும் வாழைத்தண்டிலும். தோப்பைக் கூட்டிப் பெருக்கிச் சுத்தமாக வைத்தால் ஈ குறையும், காயும் குறையும். அதே சருகு மூடாக்காகி ஈரத்தைக் காக்கிறது, மக்கி உரமாகிறது.

சரி, எல்லாம் இலவசமா? இல்லை. ஒவ்வொரு பயிருக்கும் அதன் பங்குத் தண்ணீரும் தொழுவுரமும் தந்தாக வேண்டும். கிணறு வற்றும் நிலத்தில் இதைச் செய்யச் சொல்ல எனக்கு மனம் வராது. விதையிலிருந்து வளர்த்த ஜாதிக்கன்றுகளில் ஏறக்குறைய பாதி ஆண் மரமாகிவிடும், அது பூக்கும்வரை தெரியாது. ஆறேழு வருட உழைப்பு வீணாகாமலிருக்க பெண் மரத்தின் ஒட்டுக்கன்று வாங்குவதே நல்லது.

ஆனாலும் இரண்டு ஏக்கர், 140 தென்னை வைத்திருக்கும் குடும்பத்துக்கு இது பெரிய தெம்பு. ஆனால் பூச்சி விஷயத்தில் கவனம் வேண்டும். தென்னங்கீற்றின் சாற்றை உறிஞ்சும் சுருள் வெள்ளை ஈ 2016-இல் இந்தியாவில் முதலில் தென்பட்டதே பொள்ளாச்சிப் பக்கம்தான். அது கழிக்கும் இனிப்பு நீர் கீழே சொட்டி, கோகோ இலையிலும் கரும்பூஞ்சணம் படரும். பதறிப்போய்ப் பூச்சிமருந்து அடித்தால் வெள்ளை ஈயை அழிக்கும் என்கார்சியா என்ற ஒட்டுண்ணிக் குளவியும் சாகும், கோகோவுக்குக் காய் பிடிக்க வைக்கும் அந்தக் குட்டி ஈயும் சாகும்.