சுறுசுறுப்பு வேறு, லாவகம் வேறு

பக்கத்து வீட்டு அக்கா போன வாரம் கைப்பேசியில் வந்த ஒரு தாளை நீட்டிக் கேட்டார்: "எங்க நாயி விடிஞ்சதுலேர்ந்து ஓடிக்கிட்டேதான் இருக்கு. இதுக்குப் போய் எதுக்குத் தம்பி சுறுசுறுப்புப் பயிற்சி?" மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் நாய் வளர்ப்பவர்களிடையே வாட்சப்பில் சுற்றும் தாள் அது. 'நாய்களுக்கான சுறுசுறுப்புப் பயிற்சி, தொடக்க நிலை' என்று தலைப்பு. அஜிலிட்டி (agility) என்ற ஆங்கிலச் சொல்லை இப்படி மொழிபெயர்ப்பதை எத்தனை முறைதான் பார்ப்பது! அக்கா அந்தத் தமிழ்ச் சொல்லைச் சரியாகத்தான் புரிந்துகொண்டார். சொல்தான் தப்பு.

அஜிலிட்டி லத்தீன் வழி வந்தது. 'அகெரே' என்றால் ஓட்டு, செலுத்து, செய். அதிலிருந்து 'அகிலிஸ்', எளிதாக அசையக்கூடியது. நாய் தடைகளைத் தாண்டியும் நுழைந்தும் ஓடும் விளையாட்டுக்கு இந்தப் பெயர் வந்த கதை அண்மையது. 1978இல் லண்டன் கிரஃப்ட்ஸ் நாய்க் காட்சியில், நிகழ்ச்சிகளுக்கு இடையே கூட்டத்துக்குப் பொழுதுபோக, குதிரைகள் தடைதாண்டும் போட்டியைப் பார்த்து இந்த விளையாட்டை அமைத்தார்கள். 1980இல் பிரிட்டனின் நாய் வளர்ப்புச் சங்கமான கென்னல் கிளப் அதை ஏற்றுக்கொண்டது.

சரி, சுறுசுறுப்புக்கு வருவோம். இரட்டைக்கிளவியில் பிறந்த சொல். மிளகாய் பட்ட இடம் சுறுசுறுவென எரியும். சிலருக்குச் சுறுசுறுவெனக் கோபம் வரும். அந்தச் சூடுதான் பிறகு சோம்பல் இல்லாமல் உழைப்பதற்குப் பெயரானது. எறும்பு சுறுசுறுப்பு. இருட்டோடு எழுந்து, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு முதல் ஆளாக நின்ற தோட்டத்து மனிதர் சுறுசுறுப்பு. மலாய் மொழியில் இதை 'ராஜின்' என்பார்கள். அஜிலிட்டிக்கு அவர்கள் வைத்திருப்பது வேறு சொல்: 'தங்காஸ்'. பூப்பந்து ஆட்டக்காரர் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குச் சட்டென்று கால் மாற்றித் திரும்புகிறாரே, அதுதான் தங்காஸ். ராஜினையும் தங்காஸையும் எந்த மலாய்க்காரரும் குழப்பிக்கொள்வதில்லை. இரண்டு மொழியும் தெரிந்த நாம் ஏன் இரண்டையும் ஒரே சொல்லுக்குள் திணிக்கிறோம்?

இதை வெறும் சொல் சண்டை என்று விடமுடியாது. இந்த விளையாட்டில் ஓடும்போது நாய்க்கு வார் கிடையாது. கூட ஓடுபவர் நாயைத் தொடக்கூடாது. குரலாலும் உடம்பு அசைவாலும் மட்டுமே வழி காட்டவேண்டும். நாய் ஓடுகிற வேகத்திலேயே காது கொடுத்து, நின்று, திரும்பி, அடுத்த தடையைப் பிடிக்கவேண்டும். துள்ளிக்கொண்டே இருக்கிற நாய்தான் இதில் முதலில் திணறும். ஆனால் 'சுறுசுறுப்பு' என்று படித்தவர் என்ன செய்வார்? நாயை இன்னும் விரட்டுவார், இன்னும் உயரம் தாண்டவைப்பார். எங்கள் தெருப் பையன் ஏழு மாதக் குட்டியை இடுப்பளவு கம்பு தாண்டவிட்டதை நானே போய் நிறுத்தினேன். அந்த வயதில் எலும்பின் வளர்ச்சி முடிந்திருக்காது. அனைத்துலக நாய்க் கூட்டமைப்பின் போட்டிகளில் பதினெட்டு மாதம் ஆகாத நாயை இறக்கவே விடமாட்டார்கள். தொடக்கத்தில் கம்பு தரையில் கிடந்தால் போதும். நேரான குட்டைக் குழாய்க்குள் ஒரு பக்கம் விட்டு மறுபக்கம் கூப்பிடுவது, கை காட்டும் பக்கம் திரும்பக் கற்பிப்பது, ஒவ்வொரு முறையும் ஒரு துண்டுத் தீனி. அவ்வளவுதான்.

இதற்குப் பொருந்தும் சொல் லாவகம். அம்மா ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டிய காலத்தில் எங்கள் நாய் கூடவே போகும். நிரையில், அதாவது மர வரிசையில், மரத்துக்கு மரம் வளைந்து நெளிந்து, பால் வடியும் மங்குக் கிண்ணம் ஒன்றைக்கூடத் தட்டாமல் அம்மா பின்னால் ஓடும். "எவ்ளோ லாவகமா வருது பாரு" என்பார் அம்மா. எந்த அகராதியும் பார்க்காமல் அவர் சொன்னதுதான் இந்த விளையாட்டின் சாரம்.

தனித்தமிழ் ஆர்வலரான நண்பர் இதை ஏற்கவில்லை. லாகவம் என்ற வடசொல் எழுத்து இடம் மாறி லாவகம் ஆனது, சுறுசுறுப்போ அசல் தமிழ் என்கிறார். உண்மைதான். தமிழ் தூய்மையாக இருக்கவேண்டும் என்பதில் எனக்கும் அக்கறை உண்டு. ஆனால் தூய சொல் தப்பான பொருளைத் தந்தால் அதை வைத்து என்ன செய்வது? அவர் தந்த 'விரைதிறன்' வேகத்தை மட்டும்தான் சொல்கிறது. திரும்புவது அதில் இல்லை. விளையாட்டுக்குப் பெயர் வேண்டுமென்றால் தடையோட்டம் என்போம். பள்ளி விளையாட்டுப் போட்டியில் ஓடிய எல்லாருக்கும் புரியும், தமிழும் கூட. திறனுக்கு லாவகம் இருக்கட்டும்.

அதே தாளில் இன்னும் கொடுமை உண்டு. வரிசையாக நட்ட பன்னிரண்டு கம்புகளுக்கு இடையே நாய் நெளிந்து போவதை 'நெசவுக் கம்பங்கள்' என்று போட்டிருக்கிறார்கள். தறிக்கும் நாய்க்கும் என்ன உறவு? நிரைக்கம்பு என்றால் இந்த ஊரில் யாருக்குப் புரியாது? உயரத்தில் கிடத்திய குறுகிய பலகை 'நாய் நடை' ஆகிவிட்டது. நடைப்பாலம் என்று சொல்லியிருக்கலாம். பலகையின் கீழ்ப்பகுதியை வேறு நிறத்தில் பூசியிருப்பார்கள். நாய் மேலிருந்தே குதித்து மூட்டைக் கெடுத்துக்கொள்ளாமல், அங்கே பாதம் வைத்தே இறங்கவேண்டும். அது 'தொடர்பு மண்டலம்' என்று வந்திருக்கிறது, ஏதோ தொலைபேசி நிலையம் போல. மிதியிடம் என்று எழுத ஒரு நொடி ஆகுமா? எழுதியவர் ஒரு நாள் திடலுக்கு வந்து ஒரு நாய் ஓடுவதைப் பார்த்திருந்தால் இத்தனை பிழையும் வந்திருக்காது. ஆங்கிலச் சொல்லை மட்டும் பார்த்திருக்கிறார், பொருளைப் பார்க்கவில்லை.

அக்காவிடம் இவ்வளவும் சொல்லவில்லை. "சுறுசுறுப்பு இல்லக்கா, லாவகம். அதுக்குத்தான் பயிற்சி" என்றேன். அவர் திரும்பி, பூச்சட்டியை உருட்டிவிட்டு வேலியோரம் பாய்ந்துகொண்டிருந்த நாயைப் பார்த்தார். "லாவகமா? அப்ப சனிக்கிழமை எத்தனை மணிக்கு வரணும்?"