கள்ளாட்டம் அல்ல, கண்

நிறம் பிரித்துப் பார்க்க முடியாத பிள்ளை என்று என்னிடம் வந்ததில், இந்த வருஷத்தில் இது நான்காவது. முதல் மூன்று பேரின் வீட்டாரையும் உட்கார வைத்துப் பொறுமையாகச் சொல்லி அனுப்பினேன். நான்காவது பையன் ‘கள்ளாட்டக்காரன்’ என்ற பட்டத்தோடு வந்து நின்றான். அதனால்தான் இரவு பத்து மணிக்கு இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். கொஞ்சம் கோபமாகவே இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஹட்டனில் கண் பரிசோதிப்பது என் தொழில். சனிக்கிழமை என்றால் தோட்டங்களில் இருந்து டவுனுக்கு வருகிறவர்கள் சாமான் வாங்கிவிட்டு அப்படியே கண்ணையும் காட்டிவிட்டுப் போவார்கள். அன்று வந்தவருக்கு நாற்பத்தைந்து வயது, தேயிலை ஃபெக்டரியில் வேலை. பேப்பர் எழுத்து மங்குகிறது என்றார். வெள்ளெழுத்து, பெரிய வேலை இல்லை. கூட வந்த அக்கா மகன், பதின்மூன்று வயது, மூலையில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கையில் ரப்பர் பட்டி போட்ட ஒரு கட்டுக் கார்டு.

“என்னப்பா, தோத்துட்டியா?” என்றேன்.

“அவன இனி சேர்க்க மாட்டாங்களாம் மிஸ்,” என்றார் மாமா. “களவா விளையாடுறானாம். பசங்க வெரட்டி விட்டுட்டாங்க.”

கார்டை வாங்கிப் பார்த்தேன். ‘மேஜிக்: த கேதரிங்’ என்று ஒரு மாயாஜாலக் கார்டு விளையாட்டு இருக்கிறது. ரிச்சர்ட் கார்ஃபீல்ட் உருவாக்கி 1993இல் வெளிவந்தது. அதில் ஐந்து நிறங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம். வெள்ளை ஒழுங்கையும் ஊர் நன்மையையும் பார்க்கும். நீலம் அறிவைத் தேடும். கறுப்புக்குத் தன் பலமும் தன் லாபமும் முக்கியம். சிவப்பு உணர்ச்சியும் விடுதலையும். பச்சை இயற்கை, வளர்ச்சி. யாரோ கொழும்பில் இருந்து கொண்டுவந்த பழைய கட்டில் பழகிய இந்தப் பையன்கள், பிறகு தாங்களே எங்கள் ஊர்க் கார்டு ஒன்று செய்திருக்கிறார்கள். காமன் கூத்து ரதியும் மதனும், முனியாண்டி, கவ்வாத்துக் கத்தி, சிறுத்தை எல்லாம் அதில் உண்டு. படம் நன்றாகவே வரைந்திருந்தார்கள். எந்தக் கார்டு எந்த நிறத்தைச் சேர்ந்தது என்பதற்கு மட்டும் மூலையில் சின்னதாக ஒரு வண்ணப் புள்ளி. வேறு அடையாளம் கிடையாது.

“இதை நிறம் நிறமாகப் பிரிச்சு வை பார்ப்போம்” என்றேன்.

ஐந்து குவியல் வர வேண்டும். நான்குதான் வந்தது. சிவப்பும் கறுப்பும் ஒரே குவியலில் கிடந்தன. பச்சையில் இரண்டை எடுத்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, அதையும் அங்கேயே போட்டான்.

வண்ணப் புள்ளிகளுக்குள் எண்ணை மறைத்து வைத்து நிறப்பார்வையைச் சோதிக்கும் இஷிஹாரா புத்தகத்தை எடுத்தேன். (ஜப்பானிய வைத்தியர் ஷினோபு இஷிஹாரா 1917இல் வெளியிட்டது. நூறு வருஷம் தாண்டியும் இதை வெல்ல ஒன்று வரவில்லை. என் பிரதியை நான் யாருக்கும் இரவல் கொடுப்பதில்லை, விரல் பட்டால் சாயம் போகும்.) முதல் பக்கத்து 12ஐ எல்லோரும் வாசிப்பார்கள், அவனும் வாசித்தான். அடுத்த பக்கத்தில் நமக்கு 8 தெரியும். அவன் “மூணு” என்றான். 29 இருக்கும் இடத்தில் “எழுபது.” பின்னால் உள்ள 26இல் அவனுக்கு 6 மட்டும்தான் தெரிந்தது. எந்த வகை என்று அந்த 6 சொல்லிவிட்டது. சிவப்பு இவனுக்கு வேறு நிறமாகத் தெரிவதோடு நிற்காது, இருட்டாகவும் தெரியும்.

நான் இன்னும் புத்தகத்தை மூடவில்லை. பின்னால் நின்ற மாமா, “சரியாத்தானே மிஸ் சொல்றான்? அது மூணுதானே?” என்றார்.

அவரையும் உட்கார வைத்தேன். பக்கத்துக்குப் பக்கம் மருமகன் சொன்ன அதே பதில்.

அப்புறம்தான் கதை வந்தது. ஃபெக்டரியில் அரைத்த கொழுந்து நொதிக்கும் அறையில் அவரைப் போட்டிருக்கிறார்கள். பச்சை இலை செப்பு நிறத்துக்குத் திரும்பும் நேரம் பார்த்து அடுப்புக்கு அனுப்ப வேண்டும். பிந்தினால் தூள் கெட்டுவிடும். இவர் மூக்கை வைத்தே சமாளித்திருக்கிறார். பச்சை வாடை போய்ப் பழ வாசம் வரும் நேரம் தெரியுமாம். தடிமன் பிடித்து மூக்கு அடைத்த ஒரு வாரத்தில் மாட்டிக்கொண்டார். கவனம் இல்லாதவன், சோம்பேறி என்று, தூள் தயாரிப்பைப் பார்க்கும் டீமேக்கரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு பெக்கிங் பக்கம் போனவர், எட்டு வருஷமாக அங்கேதான் இருக்கிறார். தனக்கு நிறம் பிரியாது என்று அவருக்கே அன்றுதான் தெரியும்.

சரி, இப்போது எனக்கு எரிச்சல் வரும் இடம். ‘நிறக்குருடு’ என்று ஒரு சொல்லை வைத்திருக்கிறோம். அதைக் கேட்டவுடன், உலகமே பழைய சினிமா மாதிரி கறுப்பு வெள்ளையாகத் தெரியும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். படித்தவர்களும் அப்படித்தான். ஒரு பாடசாலை அதிபர் என்னிடமே சொன்னார்: “இல்லை மிஸ், அந்தப் பிள்ளை என் டையின் நிறத்தைச் சரியாகச் சொன்னான்.” சொல்லுவான் ஐயா! நீலத்தையும் மஞ்சளையும் அவன் உங்களைப் போலத்தான் பார்க்கிறான். இந்தக் குறைபாட்டில் பிரியாமல் போவது சிவப்பு, பச்சை, அவற்றோடு சேர்ந்த கபிலம், ஆரஞ்சு போன்றவைதான். அவற்றிலும் பிள்ளை சும்மா விடுவதில்லை. மிளகாய்ப் பழம் சிவப்பு, இலை பச்சை என்று பேசப் பழகும்போதே மனப்பாடம் செய்துவிடுகிறான். வெளிச்சம் கூடக் குறைய இருப்பதைப் பார்க்கிறான், பக்கத்தில் இருப்பவன் முகத்தைப் பார்க்கிறான், ஊகிக்கிறான். பத்தில் எட்டு சரி வரும். பிழைத்த இரண்டுக்கு ‘கவனம் இல்லை’ என்று அடி விழும். எந்த நிறமுமே தெரியாத கண் இருக்கிறது, அது ஏறத்தாழ 30,000 பேரில் ஒருவருக்கு. நான் சொல்லும் சிவப்பு பச்சைக் குறைபாடு ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் நூற்றுக்கு 8 பேர் அளவில் இருக்கிறது. ஆசியாவில் கொஞ்சம் குறைவு என்றாலும், நாற்பது பையன்கள் உள்ள வகுப்பில் ஒருவராவது இருக்க வாய்ப்பு அதிகம்.

ஜோன் டால்டன் என்ற விஞ்ஞானிக்கே இது இருந்தது. 1794இல் தன் கண்ணைப் பற்றித் தானே விளக்கிப் பேசினார். கண்ணுக்குள் இருக்கும் திரவம் நீலமாக இருக்க வேண்டும் என்பது அவர் ஊகம். செத்த பிறகு வெட்டிப் பாருங்கள் என்று சொல்லி வைத்தார். பார்த்தார்கள், தெளிவாகத்தான் இருந்தது. எடுத்து வைத்த அந்தக் கண்ணில் 1995இல் மரபணு பார்த்துத்தான் விஷயம் தீர்ந்தது. அவ்வளவு பெரிய மூளைக்கே தன் கண்ணில் என்ன கோளாறு என்று பிடிபடவில்லை. எட்டாம் வகுப்புப் பையன் தானாக வந்து சொல்வான் என்று எதிர்பார்க்கிறோம்.

அடுத்த சனிக்கிழமை அந்தக் கார்டுக் கூட்டத்தை வரச் சொல்லி அனுப்பினேன். ஏ.எல். (உயர்தரம்) படிக்கும் ஒரு அண்ணன் தலைமையில் நாலு பேர் வந்தார்கள். மன்னிப்புக் கேட்க வருகிறார்கள் என்று நினைத்தேன், வாதாட வந்திருக்கிறார்கள். “நிறம்தான் மிஸ் இந்த விளையாட்டே. அதுக்கு மேல ஏன் அடையாளம்?” என்றான் அண்ணன்.

உண்மையைச் சொன்னால் அந்த வாக்குவாதம் எனக்குப் பிடித்துப் போய்விட்டது. மேஜிக்கில் ஒவ்வொரு நிறமும் ஒரு நிலத்தில் இருந்து பிறக்கிறது. சமவெளிக்கு வெள்ளை, தீவுக்கு நீலம், சதுப்புக்குக் கறுப்பு, மலைக்குச் சிவப்பு, காட்டுக்குப் பச்சை. ஜன்னலுக்கு வெளியே மலையாகத் தெரியும் ஊரில் இதை எப்படி ஒப்புக்கொள்வது? “நம்ம மலை பச்சைதானே?” என்றான் ஒரு பொடியன். “காட்ட வெட்டித்தானே தேயிலை போட்டாங்க, அது எப்பிடிப் பச்சை?” என்றான் இன்னொருவன். முதலில் கோப்பிக்கு வெட்டினார்கள், 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை தொடங்கினார் என்று நான் வேறு கொஞ்சம் எண்ணெய் ஊற்றினேன். கடைசியில் அண்ணன் சொன்னதுதான் என்னை வாயடைக்க வைத்தது. தேயிலையைச் சும்மா விட்டால் மரமாக வளரும், அது பச்சை. நாம் வரிசை பிடித்து நட்டு, கவ்வாத்து வெட்டி, இடுப்பளவில் நிறுத்துகிறோம். வளர விடாமல் ஒழுங்குக்குள் வைப்பது வெள்ளையின் வேலை. “அதனால கொழுந்து மலை வெள்ளைக் கார்டு மிஸ்.”

சிறுத்தைக் கார்டிலும் இதே மாதிரி. 2020 மே மாதம் நல்லதண்ணி பக்கம் கம்பிச் சுருக்கில் மாட்டி, சில நாளில் செத்துப்போன கருஞ்சிறுத்தையை வரைந்திருந்தார்கள். உடம்பு கறுப்பு என்பதற்காகக் கறுப்புக் கார்டு ஆகுமா? ஆகாது, அது காட்டு விலங்கு, பச்சை. சுருக்கு வைத்த கைதான் கறுப்பு என்று முடிவு செய்திருக்கிறார்கள். நல்ல முடிவு. சிலரின் தோல் நிறத்தைப் பார்த்துக் குணம் சொல்லும் பெரியவர்கள் இவர்களிடம் வந்து படிக்கலாம்.

“சரி, இது பச்சை என்று இவன் எப்படிக் கண்டுபிடிப்பான்?” என்று கேட்டுவிட்டுக் கார்டைப் பையனிடம் நீட்டினேன். கறுப்புச் சிறுத்தையின் ஓரத்தில் கரும்பச்சைப் புள்ளி. அவன் பார்த்துவிட்டு, “புள்ளி எங்க இருக்கு?” என்றான்.

நாலு பேரும் வாயைத் திறக்கவில்லை.

மேஜிக்கைச் செய்தவர்கள் முட்டாள்கள் இல்லை. வெள்ளைக்குச் சூரியன், நீலத்துக்கு நீர்த்துளி, கறுப்புக்கு மண்டையோடு, சிவப்புக்குத் தீ, பச்சைக்கு மரம் என்று சின்னமும் சேர்த்தே அச்சடிக்கிறார்கள். நிறத்தையே நம்பி ஓடும் ஊனோ கார்டுக்கும் 2017இல் நிறத்துக்கு நிறம் குறியிட்ட ஒரு பதிப்பு வந்தது. மேஜிக்கின் ஐந்து நிறங்களையும் வட்டமாக வைத்த சக்கரத்தில் சிவப்பின் இரண்டு பக்கத்திலும் நட்பாக உட்கார்ந்திருப்பவை கறுப்பும் பச்சையும்தான். இவன் கண்ணில் கலந்து போவதும் அதே மூன்று. கறுப்பு என்று நினைத்துச் சிவப்பை இறக்கியிருக்கிறான், அதற்குக் கள்ளன் என்று பெயர் வைத்திருக்கிறீர்கள்.

இனி பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும்.

“இது என்ன நிறம், அது என்ன நிறம்” என்று வீட்டில் பரீட்சை வைக்காதீர்கள். சரியாகச் சொன்னாலும் ஒன்றும் நிரூபணம் ஆகாது, பிழைத்தால் பிள்ளை கூனிக் குறுகிப் போகும். போனில் வரும் பரிசோதனையை வைத்து முடிவு கட்டாதீர்கள், திரைக்குத் திரை நிறம் மாறும். எங்கே பரிசோதித்தாலும் பகல் வெளிச்சத்தில் பார்க்கிறார்களா என்று கவனியுங்கள். மஞ்சள் பல்புக்குக் கீழே இஷிஹாரா காட்டுகிறவரிடம் இருந்து எழுந்து வந்துவிடுங்கள். எண் வாசிக்கத் தெரிந்த பிள்ளைக்கு இரண்டு நிமிட வேலை.

இணையத்தில் விற்கும் வண்ணக் கண்ணாடிகள் இதைக் குணப்படுத்தாது. சிலருக்கு நிறங்களின் வித்தியாசத்தைக் கொஞ்சம் கூட்டிக் காட்டும், அவ்வளவுதான். கடன் வாங்கி வாங்காதீர்கள். தயவு செய்து.

டீச்சர்மாரே, கரும்பலகையில் சிவப்புச் சோக்கால் எழுதாதீர்கள். முக்கியமானதை எடுத்துக் காட்ட நீங்கள் எழுதும் வரிதான் இந்தப் பிள்ளைக்குத் தெரியாத வரி.

ஏ.எல். பிரிவு தெரிவதற்கு முன்பே பாருங்கள். ரயில் சாரதி, விமானி மாதிரி வேலைகளுக்கு நிறப்பார்வை கட்டாயம். அத்தனை வருஷம் கனவு கண்டுவிட்டு மருத்துவப் பரிசோதனை அன்று தெரிய வந்தால் பிள்ளை உடைந்து போகும். வயரிங் பழகப் போகிற பையன்களுக்கும் இதைச் சொல்லுங்கள், பழைய வீடுகளில் சிவப்பு, கறுப்பு, பச்சை வயர்தான் ஓடுகிறது.

மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சிக்னல் விளக்கு பிரச்சினை இல்லை, மேலே எரிவது எது, கீழே எரிவது எது என்று தெரியும். ஆனால் சிவப்பு இருட்டாகத் தெரியும் இந்த வகைக்கு, கினிகத்தேனைப் பக்கம் பனி மூட்டத்தில் முன்னால் போகும் லொறியின் பிரேக் விளக்கு நமக்குத் தெரிவதை விடப் பிந்தித்தான் தெரியும். இடைவெளி விட்டு ஓட்டுங்கள்.

பிறவியில் சரியாக இருந்து, வளர்ந்த பிறகு நிறம் மங்கினால் அது வேறு கதை, உடனே கண் வைத்தியரிடம் போங்கள். காசநோய்க்கு எதம்பியூட்டோல் எடுப்பவர்கள் ஒரு நாள் கூடப் பிந்தக் கூடாது.

இன்னொன்று. இது தாய் வழியாகப் பையனுக்கு வருவது என்று பள்ளி விஞ்ஞானப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். அதை எடுத்துக்கொண்டு “உன் வீட்டு ரத்தம்தான்” என்று மருமகளிடம் சண்டைக்குப் போகிற மாமியார்மாரே, உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். அவள் கேட்டு வாங்கி வரவில்லை.

பையன்கள் போகும்போது சின்னம் என்ன போடுவது என்று அடுத்த சண்டையைத் தொடங்கியிருந்தார்கள். கொழுந்துக்கூடை வெள்ளைக்கா பச்சைக்கா என்று படியிறங்கும் வரை சத்தம் கேட்டது. சத்தத்தில் பாதி அந்தப் பையனுடையது.

அன்றுதான் மாமாவும் கண்ணாடி எடுக்க வந்திருந்தார். காசைக் கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றார்.

“மிஸ், எனக்கு நிறம் பிரியாதுன்னு ஒரு துண்டு எழுதித் தர முடியுமா?”

“தாறேன். எட்டு வருஷத்துக்குப் பிறகு எதுக்கு?”

“சும்மாதான். டீமேக்கர் ஐயாகிட்ட காட்ட.”

எழுதி, முத்திரை குத்திக் கொடுத்தேன். புதுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஓர் எழுத்து விடாமல் வாசித்தார். நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார்.