ஸ்க்ரீன் சேவர் போட்டா கரண்ட் மிச்சமாகாதுங்க, அதோட உண்மையான வேலையே வேற

சர்வீஸுக்குப் போற இடத்துல எல்லாம் கேக்குறது இதுதான், "தம்பி, ஸ்க்ரீன் சேவர் போட்டா கரண்ட் கம்மியாகும்ல?" ஆகாதுங்க. ஸ்க்ரீன் சேவர்ங்கிறது கம்ப்யூட்டரைக் கொஞ்ச நேரம் தொடாம விட்டா திரையில தானா ஓடுற படம், அவ்ளோதான். இப்ப எல்லார் மேசையிலயும் இருக்குற எல்சிடி மானிட்டர்ல (எல்இடின்னு விக்கிறதும் இதேதான்) திரைக்குப் பின்னாடி ஒரு லைட் எரிஞ்சுக்கிட்டே இருக்கும். கணக்கு எழுதுற டேலி ஓடினாலும் எரியும், மீன் நீந்தினாலும் எரியும், கருப்பா போட்டாலும் பெரும்பாலும் எரியத்தான் செய்யும். இதுல த்ரீ டி பைப்பு, பபிள்ஸுனு ஓடவிட்டா கிராபிக்ஸுக்கு வேற வேலை வைக்குது, சும்மா விட்டுட்டுப் போனதைவிட கூடத்தான் இழுக்கும். கரண்ட் மிச்சம் பண்ணணும்னா பவர் செட்டிங்ஸ்ல போயி 5 நிமிஷத்துல டிஸ்ப்ளே ஆஃப் ஆகுற மாதிரி வைங்க. சிஸ்டம் ஓடிக்கிட்டேதான் இருக்கும், பேக்கப்போ டவுன்லோடோ நிக்காது, மானிட்டர் மட்டும் அணையும். யூபிஎஸ்ல ஓடுறப்ப இதனாலயே கொஞ்ச நேரம் கூடத் தாங்கும்.

அப்ப இதை எதுக்குத்தான் கண்டுபிடிச்சாங்கன்னா, அது டப்பா மானிட்டர் காலத்துத் தேவை. சிஆர்டின்னு சொல்ற அந்த டப்பா மானிட்டர் கண்ணாடியோட உள்பக்கம் பாஸ்பர்னு ஒரு பூச்சு இருக்கும், எலக்ட்ரான் வந்து படப்பட அது ஒளிரும். ஒரே மெனு ஒரே இடத்துல மாசக்கணக்கா நின்னா அந்த இடத்துப் பூச்சு மட்டும் சீக்கிரம் தேஞ்சுபோயி, காலண்டரைக் கழட்டுனதும் சுவத்துல தெரியுற தடம் மாதிரி, மானிட்டரை அணைச்சாக்கூட எழுத்து மங்கலா தெரியும். பழைய ஏடிஎம் திரையில, அப்புறம் நாள் முழுக்க ஒரே கட்டம் கட்டமா ஓடுன சிசிடிவி மானிட்டர்ல எல்லாம் பாத்திருப்பீங்க. இதுக்காக 1983 டிசம்பர்ல ஜான் சோச்சாங்கிறவர் ஐபிஎம் பிசிக்கு ஒரு குட்டி ப்ரோக்ராம் எழுதி சாஃப்ட்டாக் பத்திரிகையில போட்டார், 3 நிமிஷம் யாரும் கீபோர்டைத் தொடலைன்னா திரையைக் கருப்பாக்கிடும், அவ்ளோதான். ரொட்டி சுடுற டோஸ்டர் பறக்குறது, மீன் நீந்துறது எல்லாம் அதுக்கப்புறம் வந்த அலங்காரம். நம்ம ஊர்ல த்ரீ டி டெக்ஸ்ட்ல கடைப் பேரைப் போட்டு சுத்தவிட்டோமே, அதுவும் இதே கணக்குதான், நல்லாத்தான் இருந்துச்சு.

எல்சிடி கண்ணாடியில அந்த பாஸ்பர் பூச்சும் இல்ல, அந்த மாதிரித் தேய்மானமும் இல்ல. எப்பவாச்சும் லேசா நிழல் மாதிரி நின்னாலும் கொஞ்ச நேரம் அணைச்சு வச்சா பெரும்பாலும் போயிடும். அப்ப ஸ்க்ரீன் சேவரைத் தூக்கிப் போட்டுடலாமான்னா, வேணாம். அந்த செட்டிங்ஸ் பெட்டிக்குள்ள ஒரு சின்ன டிக் பாக்ஸ் இருக்கு பாருங்க, "ஆன் ரெஸ்யூம், டிஸ்ப்ளே லாகான் ஸ்க்ரீன்"னு, அதாவது திரும்ப வந்து தொட்டா பாஸ்வேர்ட் கேக்கும். யாருமே டிக் பண்றதில்ல, ஆனா என்னைக் கேட்டா இன்னைக்கு ஸ்க்ரீன் சேவரோட மொத்த மதிப்பும் அதுலதான் இருக்கு. ஸ்கேன் சென்டர் ரிசப்ஷன்ல பாத்தீங்கன்னா பேஷண்ட் பேரு, போன் நம்பர், ரிப்போர்ட் எல்லாம் திறந்து கெடக்கும், அந்தப் பொண்ணு உள்ள டாக்டர் கூப்பிட்டார்னு போயிருக்கும், எதிர்ல பத்து பேர் உக்காந்திருப்பாங்க. ஆடிட்டர் ஆபீஸ்ல க்ளையண்டோட பான் நம்பர், ஜிஎஸ்டி லாகின், டீ குடிக்கப் போன நேரத்துல அப்படியே இருக்கும். இதைத் திருட ஹேக்கரே வேணாம், செல்போன்ல ஒரு போட்டோ போதும்.

ஸ்டார்ட்ல போயி ஸ்க்ரீன் சேவர்னு டைப் பண்ணா அந்தப் பெட்டி வந்துடும், ப்ளாங்க் (வெறும் கருப்புத் திரை) செலக்ட் பண்ணி, நேரம் 3 இல்ல 5 நிமிஷம் வச்சு, அந்த டிக்கைப் போடுங்க. விண்டோஸ் அக்கவுண்ட்டுக்கு பாஸ்வேர்டே வைக்கலைன்னா இதெல்லாம் வீண், முதல்ல அதை வைங்க. "அண்ணா, ஒவ்வொரு தடவையும் பாஸ்வேர்ட் அடிச்சுக்கிட்டு இருக்க முடியுமா, ஆள் நிக்கிறாங்க"ம்பாங்க. நியாயந்தான், அதனாலதான் பின் நம்பர் வச்சுக்கங்க, லேப்டாப்ல கைரேகை இருந்தா இன்னும் சுலபம். ஆனா அந்தப் பின்னை எழுதி மானிட்டர் ஓரத்துல ஒட்டிட்டு வேற போயிடாதீங்க, ஒட்டுறாங்க, நிறைய பேர். எந்திரிக்கும்போதே விண்டோஸ் கீயையும் எல் கீயையும் சேத்து அமுக்கிப் பழகிட்டா 5 நிமிஷம்கூட காத்திருக்க வேணாம். மேக்ல கண்ட்ரோல், கமாண்ட், க்யூ.

அடுத்தது இதைவிட ஆபத்து. "ப்ரீ ஸ்க்ரீன் சேவர்"னு நெட்ல தேடி அருவி, அக்வேரியம்னு இறக்குறீங்கல்ல, பேர் முடிவுல டாட் எஸ்சிஆர்னு வர்ற அந்த ஃபைல் படமோ வீடியோவோ இல்லைங்க, சாதாரண இஎக்ஸ்இ ப்ரோக்ராம்தான், கடைசில பேரு மட்டும் வேற. டபுள் க்ளிக் பண்ணா உங்க கம்ப்யூட்டர்ல என்ன வேணா செய்யும். வைரஸ் அனுப்புறவங்களுக்கு இது நல்லா தெரியும், இன்வாய்ஸ் டாட் பிடிஎஃப் டாட் எஸ்சிஆர்னு பேர் வச்சு, மேல பிடிஎஃப் ஐகானையும் ஒட்டி அனுப்புவாங்க. விண்டோஸ் சாதாரணமா கடைசில வர்ற டாட் எஸ்சிஆர் மாதிரி எக்ஸ்டென்ஷனை மறைச்சு வைக்கும், அதனால உங்க கண்ணுக்கு வெறும் பிடிஎஃப் மாதிரிதான் தெரியும். ஜிமெயில் இந்த வகை அட்டாச்மென்டைத் தடுத்துடும், அதனால ஜிப் போட்டு பாஸ்வேர்ட் கொடுத்து, இல்லாட்டி டவுன்லோட் லிங்கா அனுப்புவாங்க. விண்டோஸ் 11ன்னா ஃபோல்டரைத் திறந்து வியூ, ஷோ, அதுல ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸை ஆன் பண்ணி வைங்க. ஃபைல் பேருக்குப் பக்கத்துல டைப்னு தலைப்பு இருக்குற வரிசையில ஸ்க்ரீன் சேவர்னு காட்டுச்சுன்னா தொடாம டெலீட் பண்ணுங்க, யார் அனுப்பியிருந்தாலும்.

சமீபத்துல ஓலெட் திரை லேப்டாப் வாங்கினவங்களுக்கு மட்டும் ஒண்ணு தனியா சொல்லணும். அதுல ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிருது, தானே தேயுது, அதனால டப்பா மானிட்டர் காலத்துப் பிரச்சனை திரும்ப வந்திருக்கு. டாஸ்க்பார் ஒரே இடத்துல நின்னுக்கிட்டே இருந்தா தடம் விழ வாய்ப்பு உண்டு. டாஸ்க்பாரை ஆட்டோ ஹைட்ல போடுங்க, ப்ரைட்னஸை நூறுலயே வச்சிருக்காதீங்க, ஸ்க்ரீன் சேவர் ப்ளாங்க் வைங்க. ஓலெட்ல கருப்புன்னா அந்தப் புள்ளி நிஜமாவே அணைஞ்சுடும், அதனால மத்தவங்களுக்கு ஆகாத கரண்ட் மிச்சம் உங்களுக்கு மட்டும் கொஞ்சம் ஆகும்.